பதினோரு வேட்டியும் ஒரு கால்மிதியும்

போன மாதம் அடையாறில் ஒரு காபிக் கடையின் மாடிக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பழந்துணியில் கால்மிதி பின்னுவது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. வந்திருந்தவர்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், எல்லோருக்கும் கழுத்து வலி. ஏற்பாடு செய்த பெண், "ஆன்ட்டி, உங்க ஜர்னி பத்தி சொல்லுங்க" என்றாள். சாந்தோமில் பஸ் ஏறி ராயப்பேட்டையில் இறங்குவேன், முப்பத்தோரு வருஷமும் அதேதான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

பிறகு துணியை எடுத்து வைத்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உருண்டை உருண்டையாக, கண்ணாடித் தாள் சுற்றி, விலைச் சீட்டு ஒட்டி, புத்தம் புதுத் துணி. பழந்துணி மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகப் புதுத் துணியைப் பட்டை பட்டையாக நறுக்கி விற்கிறார்களாம். நனைத்தீர்களா என்று கேட்டேன். புதுசுதானே, எதற்கு நனைக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். அந்தக் கேள்வியைக் கேட்டதும் மயிலாப்பூரில் ஒரு லிப்ட் வாசல் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்போது பார்த்து இன்னொருத்தி, "உங்க லைஃப்ல பெரிய மிஸ்டேக் எது ஆன்ட்டி?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் பின் வரிசையில் உட்கார்ந்து ஓசிக் காபி குடித்துக்கொண்டிருந்தார். அதனால் முதலில் வாயில் வந்த பதிலை விழுங்கிவிட்டு இரண்டாவதைச் சொன்னேன். அங்கே நேரம் போதவில்லை. முழுசாக இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த இடத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ராயப்பேட்டையில் ஒரு சந்து, சந்துக்குள் சைக்கிள் கடை, அதற்கு மேலே ஷமீம் ஆபாவின் மாடி. ஆபா என்றால் உருதுவில் அக்கா. ஆபாவைவிட வயதில் மூத்தவர்களும் அவரை ஆபா என்றுதான் கூப்பிட்டார்கள். எட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, ஊரார் கழித்துப்போட்ட புடவை, போர்வை, லுங்கி, ஜன்னல் திரை எல்லாவற்றையும் கிழித்துக் கால்மிதியாகப் பின்னுவோம். நான் வேலை கற்றுக்கொண்ட கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு மாதம் கிழித்தேன், ஆறு மாதம் உருட்டினேன், அதற்கப்புறம்தான் பின்னுகிற கொக்கியைக் கண்ணில் காட்டினார்கள்.

கிழிப்பது என்றால் ஏதோ ஆத்திரத்தில் செய்வது என்று நினைப்பார்கள். இரண்டு விரல் அகலத்துக்கு ஓரத்தில் ஒரு வெட்டு, அப்புறம் ஒரே இழுப்பு. பருத்தி என்றால் 'சர்ர்' என்று நேராக வரும். கலப்புத் துணி என்றால் பாதியில் கோணிக்கொண்டு முனகும். கத்தரிக்கோலை எடுத்தால் ஆபா முறைப்பார். கிழித்த பட்டைகளை முடிச்சுப் போட்டுச் சேர்க்கவே கூடாது. முடிச்சு காலில் உறுத்தும். இரண்டு முனையிலும் பொத்தான் துளை மாதிரி சின்னதாகக் கீறி, ஒன்றை இன்னொன்றுக்குள் நுழைத்து இழுத்தால் போதும். கொக்கி விரல் தடிமன் அலுமினியம். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் கடைந்து வாங்குவோம். கண் என்றால் கொக்கியால் இழுத்த ஒரு வளையம். நடுவில் ஆறு கண்ணில் ஆரம்பித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கண் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டுவது குறைந்தால் கால்மிதி கிண்ணமாகக் குழியும். அதிகமானால் பொரித்த அப்பளம் மாதிரி நெளியும். இவ்வளவுதான் இந்தத் தொழிலின் வேதம்.

எனக்குத் தெரிந்து ஆபா யாரையும் திட்டியதில்லை. அவர் பிரிப்பார். தப்பாகப் பின்னியதை மடியில் வாங்கி வைத்துக்கொள்வார், வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றுவார், கடைசிக் கண்ணை அவிழ்த்து முனையைப் பிடித்து இழுக்க ஆரம்பிப்பார். இழுத்துக்கொண்டே நம் வீட்டுக் கதையை விசாரிப்பார். மாமியார் மூட்டுவலி எப்படியிருக்கிறது, நேற்று என்ன குழம்பு, வீட்டுக்காரர் இப்போதெல்லாம் நேரத்துக்கு வருகிறாரா. நாமும் பதில் சொல்லிக்கொண்டே இருப்போம். மூன்று நாள் வேலை நம் கண்ணெதிரே 'தொடுக் தொடுக்' என்று உருவிக்கொண்டு போகும். நடுவில் இருக்கிற முதல் ஆறு கண்வரை போகாமல் நிறுத்தமாட்டார். இதற்குப் பதில் நாலு அறை கொடுத்திருக்கலாம் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அந்த மாடியில் ஒரு வழக்கம் இருந்தது. சொந்தத் துணி கொண்டுவந்து பின்னித் தரச் சொல்கிறவர்கள், முதல் கிழிசலைத் தங்கள் கையாலேயே கிழித்துவிட்டுப் போக வேண்டும். இந்த வழக்கத்துக்குக் காரணம் தியாகராய நகரில் ஒரு வக்கீல். அவர் வீட்டில் ஒரு மூட்டை எங்களுக்கு, ஒரு மூட்டை சலவைக்கு என்று கட்டி வைத்திருந்தார்கள். வேலைக்காரம்மா மூட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டார். நாங்களும் கறுப்புத் துணி இவ்வளவு ஒசத்தியாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்து போனோம். வக்கீல் மாடியேறி வந்தபோது அவருடைய இரண்டு கவுனும் வட்டமாகத் தரையில் கிடந்தன, அவர் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தார். கேஸ் போடுவேன் என்று குதித்தார். எதைப் போட்டுக்கொண்டு போய் வாதாடுவீர்கள் என்று ஆபா பணிவாகத்தான் விசாரித்தார். மறுநாள் வந்தது இந்த விதி.

இனி கோமளா மாமி.

ஒரு காலை பத்து மணிக்கு, இரண்டு கட்டைப் பைகளோடு, மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். எழுபது வயது இருக்கும். பையில் அவர் கணவருடைய துணிகள். பதினோரு வேட்டி, ஏழெட்டுச் சட்டை. கணவர் இறந்து பத்து மாதமாகிறது என்றார். எல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது. வீட்டு வாசலுக்கு ஒரு கால்மிதி வேண்டும், கதவு நிலைக்கு நிலை சரியாக இருக்க வேண்டும், முதல் வருஷத் திவசத்துக்குள் வேண்டும் என்றார்.

ஆபா கையை எடுத்துவிட்டார். செத்தவர் துணியில் மெத்தை உறை செய்து தருவேன், நாற்காலித் திண்டு செய்து தருவேன், காலில் போட்டு மிதிக்கச் செய்ய மாட்டேன், எங்களில் அது பாவம் என்றார். மாமி அசரவில்லை. எங்களிலும் அது பாவம்தான் என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டார். அப்புறம் காரணத்தைச் சொன்னார்.

அவர் வீடு மூன்றாவது மாடி. வாசல் கதவுக்குப் பக்கத்தில்தான் காற்று வரும். கல்யாணமான நாளிலிருந்து கணவருடைய சாய்வு நாற்காலி அங்கேதான். எத்தனை வீடு மாறினாலும் நாற்காலி வாசலில். காலை இந்த நிலையிலிருந்து அந்த நிலை வரைக்கும் நீட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார். பால் வாங்கப் போனாலும், கோலம் போடப் போனாலும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாலும் அந்தக் கால் அங்கேயேதான் இருக்கும்.

"புருஷா காலை மிதிக்கப்படாது, தாண்டவும் படாது. மடக்குங்கோன்னு சொன்னா 'ம்' பார். 'ம்'னுட்டு பேப்பரைத் திருப்புவார். நாப்பத்தி மூணு வருஷம் நண்டு மாதிரி பக்கவாட்டுல நடந்திருக்கேன். இப்போ அந்த எடம் காலியா இருக்கு. ஒரே ஒரு தரம் நேரா, நடுவுல, மிதிச்சுண்டு என் ஆத்துக்குள்ள நுழையணும்."

எட்டு பேருக்கும் எட்டு நாற்காலி ஞாபகம் வந்திருக்கும். எனக்கு ஆரோக்கியத்தின் பிளாஸ்டிக் நாற்காலி ஞாபகம் வந்தது. நான் பின்னித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆபா என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். பிறகு, முதல் கிழிசல் விதி எல்லாருக்கும் உண்டு, அதை முடித்துவிட்டு இவளிடம் கொடுங்கள், என் கை படாது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கணவர் வேட்டியைக் கிழிக்கும்போது மாமி அழுவார், எங்களுக்கும் ஒரு டீக்கு நேரம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். மாமி நாள்காட்டித் தாள் மாதிரி கிழித்துத் தள்ளினார். ஒன்றுக்கு ஒன்று போதும் என்று சொல்லியும் கேட்காமல் ஒவ்வொன்றிலும் நாலைந்து பட்டை இழுத்தார். வேர்த்துவிட்டது. போகும்போது ஒரு டம்ளர் மோர் கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

தப்பு நடந்தது இதற்கப்புறம்தான்.

பதினொன்றில் நாலு வேட்டி மற்றவற்றைவிடக் கனமாக, பளபளப்பாக இருந்தன. மகன் கல்யாணத்தில் கொடுத்தது, மருமகள் வீட்டில் வைத்துக் கொடுத்தது என்று பீரோவில் அடுக்கி வைத்து அவர் கட்டாமலே போன வேட்டிகள் அவை. ஆனால் மாமி எல்லாவற்றையும் சேர்த்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்ததால் எனக்கு வித்தியாசம் உறைக்கவில்லை. உறைத்திருக்காது. முப்பது வருஷமாக என் கையில் வந்தது முழுக்கப் பழந்துணி. எங்களிடம் வரும் துணி, சுருங்க வேண்டியதையெல்லாம் யார் வீட்டிலோ சுருங்கி முடித்துவிட்டு வந்திருக்கும். ஐயம் இருந்தால் வெந்நீரில் ஊறப்போடு என்று ஆபா சொல்வார்தான். எனக்கு ஐயமே வரவில்லை. நல்ல துணி ஓரத்துக்கு இருக்கட்டும் என்று அந்த நாலையும் வெளிச்சுற்றுகளுக்கு ஒதுக்கி வைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது மாமி நிலைக்கு நிலை அளந்து பார்த்துத் தலையாட்டினார். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆரோக்கியத்திடம் இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினேன்.

திவசத்துக்கு முந்தின நாள் காலை ஏழு மணிக்கு மாமி போன் செய்தார். உடனே வா என்றார், குரலே சரியில்லை. ஆபாவிடம் லீவு சொல்லப் போனால், எங்கே என்றார். சொன்னேன். கொக்கியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பர்தாவை மாட்டிக்கொண்டு, ஆபாவும் ஆட்டோவில் ஏறிவிட்டார். எதற்கு வருகிறார் என்று நான் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். பத்துப் பேர் கை பட்ட பொருளை நனைத்து உலர்த்தாமல் திவசத்தன்று வீட்டில் வைக்க மாமிக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு நாள் முன்பு கால்மிதியை வாளி வெந்நீரில் முக்கிப் போட்டுவிட்டார். புது வேட்டி நாலும் தங்கள் குணத்தைக் காட்டிவிட்டன. வெளிச்சுற்று முழுக்கச் சுருங்கி, நடுவில் இருந்த பழந்துணி அப்படியே இருக்க, கால்மிதி பெரிய அண்டா மாதிரி எழுந்து நின்றுகொண்டிருந்தது. மாமி அதன் மேல் ஒரு பலகையும், பலகை மேல் ஆட்டுக்கல் குழவியும் வைத்துப் பார்த்திருக்கிறார். எடுத்ததும் திரும்ப எழுந்துவிட்டது.

"பாரு பிலோமினா, செத்தும் காலை மடக்க மாட்டேங்கறார்" என்றார் மாமி. சிரிக்கத்தான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது. நாளைக்கு நாற்பது பேர் வந்து அவரைப் போல் உண்டா என்று பேசப் போகிறார்கள், அதற்கு முன்னால் ஒரு தடவை நேராக நடந்துவிட்டால் அத்தனையையும் கேட்டுக்கொள்வேன் என்று இருந்தேன் என்றார். எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

ஆபா வாசலிலேயே நின்றார். உள்ளே நாளைக்குக் காரியம், தான் வருவது சரியாக இருக்காது என்று அவரே சொன்னார். மாமி ஒரு கணம் யோசித்தார். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து லிப்டுக்கு எதிரே விரித்து, தானும் உட்கார்ந்துவிட்டார். லிப்டில் வந்தவர்கள் எங்கள் மூவரையும் தாண்ட வழியில்லாமல் சுவரோடு ஒட்டிப் போனார்கள்.

ஆபா கால்மிதியை மடியில் வாங்கினார். வெற்றிலை கன்னம் மாறியது. கடைசிக் கண்ணை அவிழ்த்து முனையைப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் அவர் பிரிக்கும்போது கேள்வி என்னிடம் வராதது அன்றுதான்.

"அவருக்கு சாப்பாட்டுல எது புடிக்கும் மாமி?"

மாமி சொல்ல ஆரம்பித்தார். வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். இட்லிக்கு மிளகாய்ப்பொடி மட்டும்தான், சட்னியைத் தொடமாட்டார். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தட்டை வழித்துத் தின்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வேட்டிகள் ஒவ்வொன்றாக உருவி வந்தன. மாமி பட்டையைக் கையில் வாங்கி உருட்டிக்கொண்டே, இது இரண்டாவது பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டிக்கொண்டிருந்தது என்றார். அங்கேயும் காலை நீட்டித்தான் உட்கார்ந்திருந்தாராம், நர்ஸ் திட்டினாளாம். இந்தக் கட்டம் போட்ட சட்டை ரிட்டையரான அன்றைக்குப் போட்டது. அன்றிலிருந்து நாற்காலி இன்னும் ஒரு அடி வாசல் பக்கம் நகர்ந்ததாம். வைதுகொண்டே உருட்டினார், உருட்டிக்கொண்டே வைதார். பத்தரை மணிக்கு முதல் ஆறு கண் வந்தது. அதுவும் அவிழ்ந்தது. பாய் மேல் இருபது உருண்டைகள் கிடந்தன.

நான் கொக்கியை எடுத்தேன். ஆபா என் கையைத் தட்டிவிட்டார். பர்தா கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு, தன் கொக்கியால் தானே ஆறு கண் போட்டார்.

"பாவம்னு சொன்னீங்களே ஆபா" என்றேன்.

"எங்க வூட்லயும் ஒரு நாற்காலி இருந்திச்சு" என்றார் ஆபா. முப்பது வருஷத்தில் தன் கணவரைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஆபா பின்ன, நான் பட்டை கோக்க, மாமி சுற்றுக்குச் சுற்று கண் எண்ண, மத்தியானத்துக்கு எங்களுக்கு அவர் தயிர்சாதம் கொண்டுவந்து கொடுக்க, நாலு மணிக்குப் பட்டையெல்லாம் தீர்ந்துவிட்டது. இம்முறை தட்டையாகத்தான் படுத்தது. ஆனால் சுருங்கியது சுருங்கியதுதான். நிலையில் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் நாலு நாலு விரல் இடம் காலியாகக் கிடந்தது. மாடியிலிருந்து வேறு வெள்ளைத் துணி கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். ஊரான் வேட்டி வேண்டாம் என்றார் மாமி. உள்ளே போய் ஒரு மாம்பழக் கலர் சுங்குடிப் புடவையை எடுத்து வந்தார். வீட்டில் தினமும் கட்டிக் கட்டி நைந்தது. முதல் கிழிசலைக் கேட்காமலே கிழித்து ஆபாவிடம் நீட்டினார். வெள்ளைக்குச் சுற்றிலும் மாம்பழ ஓரம். நாங்கள் பின்னியதிலேயே அழகான கால்மிதி அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு நிலைக்கு நிலை கச்சிதமாக உட்கார்ந்தது. மிதித்துக் காட்டுங்கள் என்று நான் ஆசையாகக் கேட்டேன். நாளைக்கு எல்லோரும் போனப்புறம் என்று மாமி கதவைச் சாத்திக்கொண்டார்.

அடையாறில் இந்த இடம் வரை சொன்னபோது நேரம் முடிந்துவிட்டது. புதுத் துணியை நனைத்துவிட்டுப் பின்னுங்கள், ஓரத்தில் போடாதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். குறித்துக்கொண்டார்கள். மீதியை அவர்களிடம் சொல்ல எனக்கு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து நானே மாமிக்குப் போன் செய்தேன். காரியம் நன்றாக நடந்ததா என்றேன். நடந்தது, நாற்பது பேரும் அதில் காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள், சாஸ்திரிகள் உட்பட, அவரைப் போல் உண்டா என்றும் பேசினார்கள் என்றார். நீங்கள் நடந்தீர்களா என்று கேட்டேன்.

"காலைத் தூக்கினேன், வைக்க வரலை. சரி, தாண்டிடலாம்னா அதுவும் வரலை. ஓரத்துல என் புடவை இருக்கோன்னோ, அது மேல காலை வச்சுண்டு பக்கவாட்டுல போயிண்டு வந்துண்டிருக்கேன்."

கொண்டுவாருங்கள் மாமி, அகலத்தைக் குறைத்துத் தருகிறேன், தாராளமாகப் போய் வரலாம் என்றேன்.

"வேண்டாம், பழகிடுத்து" என்று சொல்லி மாமி போனை வைத்துவிட்டார்.